நாற்பத்தொரு நிமிடம்

மதியம் மூன்றுக்கே இருட்டிவிடும் டிசம்பர்.
ஹெல்சிங்கியில், நிதிப் புகார் வாரியத்தின் மூன்றாம் மாடியில்
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
ஒருவர் காத்திருந்ததைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புகார்தாரர் தைஸ்தோ லம்சா, கெமியார்வி.
மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்ந்தவர்.
கடனோடு சேர்த்து வங்கி ஒரு காப்பீட்டையும் தலையில் கட்டியது.
அறுபத்தைந்து தாண்டியவருக்கு அது சல்லிக்காசு தராது:
ஒன்பதாம் விதி, பொடி எழுத்து.
கையெழுத்துப் போட்ட அன்று அவருக்கு அறுபத்தேழு.
மாதம் இருபத்திரண்டு யூரோ பத்து சென்ட்,
பதினோரு வருடம்,
விரியாத குடைக்கு வாடகை.

வங்கியின் வழக்கறிஞர் ஹெர்லெவி பொய் சொல்பவரல்ல.
"விஷயம் தெரிந்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும்.
மார்ச்சில் ஒரே ஒரு தடவை அழைத்தார்.
இருப்பு கேட்டார். சொன்னோம்.
புகார் என்று ஒரு சொல் இல்லை."
ஒலிப்பதிவை அவரேதான் அனுப்பினார்.

நாற்பத்தொரு நிமிடம்.
அதில் முப்பத்தெட்டு பியானோ.
நகர்த்திவிட்டுக் கடைசி மூன்றை மட்டும் கேட்கலாம்.
எல்லோரும் அப்படித்தான் கேட்டிருந்தார்கள்.

பியானோவுக்குக் கீழே ஒரு நாற்காலி இழுபடுகிறது.
காகிதம் புரள்கிறது.
"ஹல்லா, படு" என்கிறார். நாய் போலிருக்கிறது.
பிறகு ஒன்பதாம் விதியை
எழுத்துக்கூட்டி வாசிக்கிறார், நாய்க்கு.
"அறுபத்தேழு எனக்கு. அந்தப் பையன்
என் பிறந்த தேதியை அவன் கையாலேயே எழுதினான்.
பணத்தைத் திருப்பித் தரச் சொல்லப்போறேன்.
கேளு, இதைத்தான் சொல்லப்போறேன்."
மூன்று தடவை ஒத்திகை.
மூன்றாவதில் குரல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

முப்பத்தொன்பதாம் நிமிடம் சைமி என்றொரு பெண் வருகிறாள்.
அன்றைக்கு அவளுக்கு அது தொண்ணூற்றோராவது அழைப்பு.
"உங்களுக்கு எப்படி உதவலாம்?"
நீண்ட மூச்சு.
"ஒண்ணுமில்லம்மா. கணக்குல எவ்வளவு இருக்கு?"

யாரும் இல்லாத அறையில் சொன்னது புகாராகுமா
என்று கேட்டார் ஹெர்லெவி.
நியாயமான கேள்வி. நான் இரண்டு இரவு தூங்கவில்லை.
மூன்றாம் நாள் அழைப்பின் முதல் வரியைத் திரும்பப் போட்டேன்:
"சேவையை மேம்படுத்த இவ்வுரையாடல் பதிவு செய்யப்படுகிறது."
பதிவு செய்தீர்கள்.
காதை நீட்டியவருக்குக் கேட்கும் கடமையும் உண்டு.

அப்படியே எழுதினேன்.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு யூரோ இருபது சென்ட், வட்டியோடு.
மன உளைச்சலுக்கு அவர் கேட்ட இருபதாயிரத்தை மறுத்தேன்;
அதற்கு ஆதாரம் இல்லை, என் இரக்கம் ஆதாரமாகாது.
ஐந்து தடவை அழைத்தேன் என்று எழுதியிருந்தார்.
பதிவேட்டில் ஒன்றுதான்.
"மிகைக் கூற்று" என்று நான்காம் பத்தியில் குறித்தேன்.
தராசு முள் நேராக நின்றதாகத்தான் பட்டது.
கையெழுத்திட்டு, காபி குடித்தேன்.

தீர்ப்பு போய்ச் சேர்ந்த வாரம் வாரியத்துக்கு ஓர் அழைப்பு.
எங்கள் வரிசையிலும் இசை உண்டு.
பியானோ இல்லை, புல்லாங்குழல்.
ஒன்பது நிமிடம் நிறுத்திவைத்திருக்கிறோம் அவரை.

நான் எடுத்ததை அவர் கவனிக்கவில்லை.
"பணம் வந்தது சரிதான், ஹல்லா.
ஆனா நான் பொய்யன்னு எழுதியிருக்காங்க.
நாலு தடவை தங்கச்சி போன்லேருந்து கூப்பிட்டேன்.
அந்த நம்பரை யாரு தேடினா?"

நான் தேடவில்லை.

"வணக்கம்" என்று ஆரம்பிக்கலாம்.
உதவலாமா என்று கேட்கலாம்.
கேட்டால் ஒண்ணுமில்லம்மா என்றுவிடுவார்.

வாயைத் திறக்காமல்
மூடிய கோப்பை இழுத்துத் திறந்து
நான்காம் பத்திக்கு எதிரே
எழுத ஆரம்பித்தேன்,
அவர் நாயிடம் சொல்லி முடிக்கட்டும் என்று.